பாதாளத்தின் வாசலில் ரயில் நிலையம்: ஜப்பானில் எது உண்மையான எல்லை?

வழிப்போக்கன் (இழையைத் தொடங்கியவர்):

ஜப்பானின் ஷிமானே மாகாணத்தில், மாட்சுவே நகரத்தின் கிழக்குப் பகுதியில், இயா என்று ஒரு சின்ன ரயில் நிலையம் இருக்கிறது. 1908இல் திறந்தது. பெரிய வண்டிகளுக்கு அங்கே வேலையில்லை. இறங்கி, வீடுகளையும் வயல்களையும் தாண்டி நடந்தால் மரங்கள் அடர்ந்த ஒரு சரிவு வரும். இரண்டு கல் தூண்கள், அவற்றுக்கு நடுவே வைக்கோலில் திரித்த கயிறு, பின்னால் பெரிய பாறைகள். இதைத்தான் யோமி என்னும் இறந்தோர் உலகத்துக்கு இறங்கும் சரிவு என்கிறார்கள். 712இல் எழுதி முடித்த 'கொஜிகி' புராணத் தொகுப்பிலேயே இந்த இடம் இசுமோ நாட்டில் (இந்தப் பகுதியின் பழைய பெயர்) இருப்பதாகச் சொல்லியிருக்கிறது.

கதை தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. இசானமி அக்கினி தேவனைப் பெற்றபோது வெந்து இறந்துபோகிறாள். கணவன் இசானகி அவளைத் தேடிப் பாதாளத்துக்குப் போகிறான். அவளோ அந்த உலகத்துச் சோற்றைச் சாப்பிட்டுவிட்டாள். "கேட்டுவிட்டு வருகிறேன், அதுவரை என்னைப் பார்க்காதே" என்கிறாள். அவனுக்குப் பொறுமையில்லை. தலைச் சீப்பின் ஒரு பல்லை ஒடித்துக் கொளுத்திப் பார்த்தால், உடம்பெல்லாம் புழு. அலறிக்கொண்டு ஓடுகிறான். பாதாளத்துப் பேய்ப் பெண்கள் துரத்துகிறார்கள். சரிவின் அடியில் மூன்று பீச் பழங்களை எறிந்து துரத்தி வந்த படையை விரட்டுகிறான். கடைசியில் அவளே வருகிறாள். ஆயிரம் பேர் சேர்ந்தால்தான் நகர்த்த முடிகிற பாறையை இழுத்து வழியை அடைத்துவிடுகிறான்.

அந்தப் பாறைக்கு நடந்து போகிற தூரத்தில் ரயில் நிலையம் இருக்கிறது என்பதை என்னால் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியவில்லை. இணையத்தில் தேடினால் 'உலகின் பேய் ஸ்டேஷன்கள்' என்று வரிசை போட்ட காணொளிகள்தான் கிடைக்கின்றன. வெள்ளைச் சேலை, மங்கல் விளக்கு, அலறல் சத்தம், அவ்வளவுதான். எனக்கு அது வேண்டாம். தலைமுறை தலைமுறையாக "இதுதான் எல்லை" என்று மக்கள் நம்பி, அதற்காகவே வந்து இறங்குகிற நிலையங்கள் வேறு உண்டா? ஜப்பானோடு நிறுத்திக்கொள்வோம். தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

---

தண்டவாளம்:

நல்ல இழை. என் பங்குக்கு தோஆய்.

குன்மா மாகாணம், மினகாமி ஊர், ஜோஎட்சு பாதை. ஜப்பானியர்கள் இதை 'நாட்டின் நம்பர் ஒன் அகழெலி நிலையம்' என்கிறார்கள், மண்ணுக்குள் வளை தோண்டும் அகழெலியை வைத்து. தோக்கியோ திசைக்குப் போகும் வண்டி தரைமட்டத்து நடைமேடையில் நிற்கும். நீகாதா திசை வண்டியோ ஷின்-ஷிமிசு சுரங்கப்பாதைக்குள், சுமார் 70 மீட்டர் ஆழத்தில் நிற்கும். 1967இல் அந்தச் சுரங்கப்பாதை திறந்தபோதுதான் இப்படி ஆனது. கீழ் நடைமேடையிலிருந்து ஒரே நேர்கோட்டில் 462 படிகள். மேலே வந்ததும் ஒரு பாலத்தைக் கடந்து இன்னும் 24. மொத்தம் 486. லிஃப்ட் கிடையாது. படிக்கட்டுக்குப் பக்கத்தில் எஸ்கலேட்டருக்கு என்று விட்ட இடம் இன்னும் காலியாகவே கிடக்கிறது, அதில் மலைநீர் ஓடுகிறது. கோடையில்கூடக் கீழே குளிரும். நடுவழியில் உட்கார பெஞ்சு போட்டிருக்கிறார்கள். நிலையத்தில் ஊழியர் கிடையாது.

படத்தில் பார்த்தாலே பாதாளம் என்று தோன்றும். ஆனால் நான் சொல்ல வருவது படிக்கட்டைப் பற்றி மட்டும் இல்லை. தலைக்கு மேலே நிற்கிற மலை தனிகவா. உயரம் 1,977 மீட்டர்தான், இமயத்தோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை. ஆனால் 1931இலிருந்து எடுத்த கணக்கில் 800 பேருக்கு மேல் அங்கே இறந்திருக்கிறார்கள். உலகத்தில் இவ்வளவு உயிர் வாங்கிய மலை வேறு இல்லை என்கிறார்கள். ஏன் 1931? அந்த ஆண்டுதான் 9.7 கிலோமீட்டர் நீளமுள்ள முதல் ஷிமிசு சுரங்கப்பாதை திறந்து, இந்த மலையடிவாரம் வரை ரயில் வந்தது. சனிக்கிழமை இரவு தோக்கியோவில் ஏறினால் விடிவதற்குள் பாறைமுகத்தின் அடியில் நிற்கலாம். திங்கட்கிழமை வேலைக்குத் திரும்பிவிடலாம். வேலைக்குப் போகிற பையன்கள் கூட்டம் கூட்டமாக வந்தார்கள். பலர் திரும்பவில்லை. 1960இல் செங்குத்துப் பாறையில் கயிற்றில் தொங்கிய இரண்டு பேரின் உடல்களை யாராலும் நெருங்க முடியாமல், ராணுவத்தினர் ஆயிரத்துக்கு மேற்பட்ட குண்டுகளைச் சுட்டுக் கயிற்றை அறுத்து இறக்கினார்கள்.

நிலையத்துக்குப் பக்கத்திலேயே இறந்தவர்களின் பெயர் பொறித்த நினைவிடம் இருக்கிறது. புராணம் எதுவும் இல்லை. ரயில் வந்தது, எல்லை உண்டானது.

---

கடைசிப்பெட்டி:

நண்பர்களே, 'எல்லை நிலையம்' என்று பேசிவிட்டு கிசராகியை விட்டுவிட்டால் எப்படி?

2004 ஜனவரி 8 இரவு. ஹசுமி என்ற பெயரில் ஒருவர் ஜப்பானின் 2சேனல் என்ற இணைய அரட்டைப் பலகையில் எழுதுகிறார். தினமும் வேலைக்குப் போய்வருகிற வண்டி, இன்றைக்கு இருபது நிமிடத்துக்கு மேலாக எங்கும் நிற்கவில்லை. பெட்டியில் மற்றவர்கள் எல்லாம் தூங்குகிறார்கள். கடைசியில் வண்டி ஒரு நிலையத்தில் நிற்கிறது. பெயர்ப் பலகையில் 'கிசராகி'. ஆளில்லை, கால அட்டவணை இல்லை. வீட்டுக்குப் பேசினால் அப்படி ஓர் ஊரே வரைபடத்தில் இல்லை என்கிறார்கள். போலீஸ் விளையாட்டு என்று நினைக்கிறது. தூரத்தில் மேளமும் மணியும் கேட்கின்றன. தண்டவாளத்தில் நடக்கிறார். ஒற்றைக் கால் கிழவர் ஒருவர் "தண்டவாளத்தில் நடக்காதே, ஆபத்து" என்று சொல்லிவிட்டு மறைகிறார். ஒரு சுரங்கப்பாதை. அதைக் கடந்ததும் காரில் ஒருவர், கொண்டுபோய் விடுகிறேன் என்கிறார். கார் மலைப்பக்கம் போகிறது. ஓட்டுபவர் பேசுவது புரியாமல் போகிறது. விடிவதற்கு முன்னால் பதிவுகள் நின்றுவிடுகின்றன.

நேரத்தோடு பதிந்த அந்த வரிகளை இப்போது வாசித்தாலும் கை சில்லிடுகிறது. எல்லை என்றால் தாண்டினால் திரும்ப முடியாதது. தோஆயில் படியேறினால் வெளியே வந்துவிடலாம். இயாவில் பாறையைப் பார்த்துவிட்டு அடுத்த வண்டியைப் பிடிக்கலாம்.

---

தண்டவாளம்:

ஒரு தகவல். ஹசுமி ஏறியதாகச் சொன்ன ஷின்-ஹமாமட்சுவிலிருந்து கிளம்புவது என்ஷூ ரயில்வே. மொத்தப் பாதையே 17.8 கிலோமீட்டர், 18 நிலையங்கள். சராசரியாகக் கிலோமீட்டருக்கு ஒரு நிறுத்தம். தினமும் அதில் போகிறவருக்கு இருபது நிமிடம் நிற்காத வண்டி என்றால் எவ்வளவு பயமாக இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். கதை அவ்வளவு ஆழமாகப் பிடித்ததற்கு அது ஒரு காரணம். சின்னப் பாதை, எல்லா நிறுத்தமும் மனப்பாடம், அதற்கு நடுவே முன்பின் கேட்டிராத ஒரு பெயர்.

---

செண்பகம்:

வழிப்போக்கன் அண்ணா கேட்ட கேள்விக்கு என் பதில் ஷிமொகிதா. நான் பல வருடமாக வடக்கு ஜப்பானில் இருக்கிறேன். பக்கத்து வீட்டுப் பாட்டி கூப்பிட்டதால் அவரோடு போனேன். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஹொன்ஷூ தீவின் வடமுனை கோடாரி வடிவில் கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும். அதுதான் ஷிமொகிதா தீபகற்பம். நொஹெஜியில் மாறி ஓமினாதோ பாதை வண்டியில் ஏற வேண்டும். டீசல் வண்டி, ஒற்றைத் தண்டவாளம். ஒருபக்கம் முட்சு விரிகுடா, மறுபக்கம் காடு. நெடுந்தூரம் வீடே கண்ணில் படாது. ஷிமொகிதா நிலையத்தில் 'ஹொன்ஷூவின் வடகோடி நிலையம்' என்று பலகை வைத்திருக்கிறார்கள். அங்கிருந்து பேருந்து. முக்கால் மணி நேரம் மலை ஏறினால் ஒசொரெசான் என்ற புனித மலை. வழியில் ஒரு குளிர்ந்த ஊற்று உண்டு. ஒரு குவளை குடித்தால் பத்து வருடம் ஆயுள் கூடும், இரண்டு குடித்தால் இருபது, மூன்று குடித்தால் சாகும்வரை உயிரோடு இருக்கலாம் என்று பாட்டி சொன்னார்.

பேருந்தை விட்டு இறங்குவதற்குள் கந்தக நெடி மூக்கில் ஏறிவிடும். அது எரிமலை வாய். முதலில் உசொரி ஏரி. அதிலிருந்து வெளியேறுகிற சிற்றாறுதான் சன்ஸு ஆறு, இறந்தவர்கள் கடக்க வேண்டிய ஆறு. சிவப்பு வளைவுப் பாலம், பாலத்தருகே கிழவன் கிழவி சிலைகள். கிழவி இறந்தவரின் துணியை உருவுவாள், கிழவன் அதை மரக்கிளையில் போடுவான். கிளை எவ்வளவு வளைகிறதோ அவ்வளவு பாவம். பிறகுதான் எமன் முன் விசாரணை. ஆமாம், நம் எமன்தான். புத்த மதத்தோடு சீனா வழியாக அங்கே போய் எம்மா ஆகியிருக்கிறார்.

உள்ளே போதைஜி கோயில். 862இல் என்னின் என்ற துறவி நிறுவியதாக ஐதீகம். கோயிலைத் தாண்டினால் சாம்பல் நிறப் பாறைவெளி. புல் பூண்டு இல்லை. பாறை இடுக்குகளில் நீராவி வருகிறது. யாரோ போட்ட நாணயங்கள் கந்தக ஆவி பட்டுக் கருத்து, அரித்துக் கிடக்கின்றன. எங்கு பார்த்தாலும் கூழாங்கல் குவியல்கள், அவற்றின் நடுவே காற்றாடிகள். பெற்றோருக்கு முன்னால் இறந்த குழந்தைகள் ஆற்றைக் கடக்க முடியாமல் கரையில் கல் அடுக்கிக்கொண்டிருக்குமாம். பூதங்கள் வந்து தட்டிவிடுமாம். ஜிசோ போதிசத்துவர் வந்து குழந்தைகளைத் தன் அங்கிக்குள் ஒளித்து வைத்துக்கொள்வாராம். அந்தக் குழந்தைகளுக்கு உதவியாகத்தான் உயிரோடு இருப்பவர்கள் அங்கே கல் அடுக்குகிறார்கள். இந்த ஆவியில் பூ வாடிவிடும் என்பதால் பூவுக்குப் பதில் காற்றாடி.

பாட்டி ஒரு ஜிசோ சிலை முன் உட்கார்ந்தார். பையிலிருந்து பன் எடுத்து உறையைப் பிரித்து வைத்தார். பிறகு பழரச பாட்டிலை எடுத்து, மூடியைத் திருகிக் கழற்றி, பக்கத்தில் வைத்தார். ஏன் திறந்து வைக்கிறீர்கள் என்று கேட்டேன். "அவனுக்கு இன்னும் திறக்க வராது" என்றார். அவருடைய மகன் இறந்து ஐம்பது வருடம் இருக்கும்.

சிறிது நேரம் கழித்துப் பன்னைத் திரும்ப எடுத்துக்கொண்டார். காக்கைகள் வந்து கிளறிவிடும் என்பதால் தின்பண்டத்தை விட்டுப்போகக் கூடாது என்கிறார்கள்.

கடைசிப்பெட்டி சொன்ன பயம் அங்கே எனக்குத் துளியும் வரவில்லை. பாறைவெளி முடிகிற இடத்தில் வெள்ளை மணலோடு ஏரிக்கரை, அதற்குப் பெயர் சொர்க்கக் கரை. அங்கே நின்று சிலர் ஏரியைப் பார்த்துப் பெயர் சொல்லிச் சத்தமாகக் கூப்பிடுகிறார்கள்.

---

ஆற்றுமணல்:

செண்பகம், நன்றாக எழுதினாய் அம்மா. படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் எதுவும் செய்யத் தோன்றவில்லை.

ஜப்பானோடு நிறுத்திக்கொள்வோம் என்று தம்பி சொல்லியிருக்கிறார். இருந்தாலும் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. பித்ரு காரியத்துக்கு என்று நம் ஆட்களும் ரயிலேறிக் கடல் விளிம்பு வரை போனவர்கள்தான். தனுஷ்கோடி வரை வண்டி போன காலம் அது. 1964 டிசம்பர் 22 இரவுப் புயலில், பாம்பனிலிருந்து போன பயணிகள் வண்டியைக் கடல் கொண்டுபோனது. அதில் இருந்த நூற்றுக்கு மேற்பட்டவர்களில் யாரும் மிஞ்சவில்லை. அங்கே இடிந்து நிற்கிற கட்டடங்கள் முன்னால் 'கோஸ்ட் டவுன்' என்று சொல்லிப் படம் எடுக்கிறார்கள். இறந்தவர்களுக்கு எள்ளும் தண்ணீரும் விடுகிற இடம் அது. தம்பி முதல் பதிவில் காணொளிகளைப் பற்றிச் சொன்னது எனக்கு அதனால்தான் சட்டென்று பட்டது.

செண்பகம், ஆற்றைக் கடக்க அவர்களும் காசு வைப்பார்களா? நம் ஊரில் நெற்றியில் காசு வைக்கிறோமே.

---

செண்பகம்:

வைப்பார்கள் ஐயா. ஆறு காசு, ஓடக்கூலி. இப்போது எரியூட்டும்போது உலோகம் வைக்க முடியாது என்பதால், ஆறு காசு அச்சடித்த காகிதத்தைப் பெட்டியில் வைக்கிறார்கள்.

---

கடைசிப்பெட்டி:

செண்பகம் எழுதியதை மதிக்கிறேன். ஆனாலும் ஒரு கேள்வி. ஒசொரெசான் ஆறுதல் தேடிப் போகிற இடமாக ஆகிவிட்டது. கோயில், பேருந்து, கடை எல்லாம் இருக்கிறது. கொஜிகி கதையில் இருப்பது ஆறுதல் இல்லையே? அழுகிய உடம்பு, துரத்தல், பாறை. முன்னோர்கள் அந்த வழியை அடைத்து வைத்தார்கள் என்றால் அதற்குக் காரணம் பயம்தான். பயத்தை எடுத்துவிட்டால் எல்லையில் என்ன மிஞ்சும்?

---

வழிப்போக்கன்:

இந்தக் கேள்விக்குத்தான் காத்திருந்தேன். பாறையை வைத்த பிறகு என்ன நடக்கிறது என்று பாருங்கள். கதை அங்கே முடியவில்லை. பாறைக்கு அந்தப் பக்கம் அவள், இந்தப் பக்கம் இவன். இருவரும் நின்று பேசுகிறார்கள். "என் அன்புக் கணவனே, இப்படிச் செய்தாயே, உன் நாட்டில் தினமும் ஆயிரம் பேரைக் கொல்வேன்" என்கிறாள். "என் அன்பு மனைவியே, நீ அப்படிச் செய்தால் நான் தினமும் ஆயிரத்து ஐந்நூறு பேறுகால வீடு கட்டுவேன்" என்கிறான். சண்டைதான். ஆனால் அன்பே என்று கூப்பிட்டுக்கொண்டுதான் சண்டை போடுகிறார்கள். கணவன் மனைவி என்று அவர்கள் கடைசியாகப் பேசிக்கொண்டது அந்தப் பாறை வழியாகத்தான்.

அதனால் எனக்கு எல்லை என்றால், இரண்டு பக்கமும் பேச முடிகிற இடம். இயாவில் பாறைக்குப் பக்கத்தில் ஒரு தபால் பெட்டி வைத்திருக்கிறார்கள். இறந்தவர்களுக்கு எழுதிய கடிதத்தை அதில் போடலாம். சேர்ந்த கடிதங்களைப் பிறகு சடங்கு செய்து எரிப்பார்கள். ஷிமொகிதாவில் ஏரியைப் பார்த்துக் கூப்பிடுகிறார்கள். தோஆயில் என்ன இருக்கிறது? பெயர் பொறித்த கல். அதையும் தடவிப் படித்துவிட்டுத்தான் போவார்கள். வெறும் நடுக்கம் மட்டும் இருக்கிற இடத்தை நான் எல்லை என்று ஒத்துக்கொள்ள மாட்டேன்.

---

கடைசிப்பெட்டி:

சரி. அப்படியானால் கிசராகியும் உங்கள் கணக்கில் வரத்தான் வேண்டும். அந்த இரவில் எழுதியது ஹசுமி மட்டும் இல்லை. முகம் தெரியாத எத்தனையோ பேர் பதில் போட்டபடி இருந்தார்கள். "நிலையத்தை விட்டு நகராதே", "தண்டவாளத்தில் நடக்காதே", "கார்க்காரனை நம்பாதே, இறங்கு" என்று. அவள் உண்மையில் இருந்தாளா என்பது எனக்கு முக்கியமே இல்லை. அவளைத் திருப்பிக் கொண்டுவர அத்தனை பேர் தூக்கம் கெட்டு உட்கார்ந்திருந்தார்கள். உங்கள் பாறையில் நடந்த பேச்சுதான் இதுவும்.

---

வழிப்போக்கன்:

இதை நான் யோசிக்கவே இல்லை. சேர்த்துக்கொள்கிறேன், முழு மனதோடு.

---

தண்டவாளம்:

ஷிமொகிதா பற்றி ரயில் பக்கத்திலிருந்து கொஞ்சம். ஓமினாதோ பாதை 58.4 கிலோமீட்டர், 1921இல் முழுதாகத் திறந்தது. புல்லட் ரயில் 2010இல் ஷின்-அயோமொரி வரை நீண்டபோது, நொஹெஜி வழியே போன பழைய பெரும்பாதையை வேறு நிறுவனத்திடம் கொடுத்துவிட்டார்கள். அதிலிருந்து இந்தப் பாதை ஜேஆர் ரயில் நிறுவனங்களின் மற்ற எந்தப் பாதையோடும் தொடாமல் தனியாகக் கிடக்கிறது.

ஷிமொகிதாவிலிருந்து வடக்கே ஓஹாதா வரை 18 கிலோமீட்டருக்கு இன்னொரு கிளை இருந்தது. 1939இல் வந்தது, 2001இல் மூடிவிட்டார்கள். அதுவரை ஓஹாதாதான் ஹொன்ஷூவின் வடகோடி நிலையம். அது போன பிறகு பட்டம் ஷிமொகிதாவுக்கு வந்தது. ஊர் சுருங்குகிறது, பாதை சுருங்குகிறது. இறந்தவர்களைப் பார்க்க வருகிறவர்களை ஏற்றிவரும் வண்டிக்கே நாளைக்கு என்ன ஆகும் என்று நினைத்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது. இந்த ஒரு காரணத்துக்காகவாவது, போகிறவர்கள் தயவுசெய்து கார் எடுக்காமல் ரயிலில் போங்கள்.

---

நிலாமுற்றம்:

எல்லோருக்கும் வணக்கம். இந்தக் குழுவில் வாசிப்பதோடு சரி, எழுதியதில்லை.

எங்கள் முதல் குழந்தை பிறந்து சில மாதங்களில் போய்விட்டான். அவனுக்கு எந்தக் காரியமும் செய்யவில்லை. சின்னக் குழந்தைக்குச் செய்யக் கூடாது என்று பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள். அவன் பெயரைக்கூட வீட்டில் யாரும் எடுப்பதில்லை. பாட்டிலின் மூடியைத் திறந்து வைத்ததைப் படித்த பிறகு என்னால் தாங்க முடியவில்லை.

செண்பகம் அக்கா, வேலை விஷயமாக வீட்டுக்காரர் அடுத்த வருடம் ஜப்பான் போகிறார், நானும் போகலாம் என்று இருக்கிறேன். வெளிநாட்டுக்காரர்கள், புத்த மதம் இல்லாதவர்கள் அங்கே கல் வைக்கலாமா? தப்பாக நினைப்பார்களா? ஆவியை அழைத்துப் பேசுகிற பெண்கள் இருக்கிறார்கள் என்று எங்கோ படித்தேன், அவர்களைப் பார்க்க முடியுமா?

---

செண்பகம்:

தாராளமாக வைக்கலாம் தங்கச்சி. யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். நீ யார், எந்த ஊர், எந்தச் சாமி என்று விசாரிக்கிற இடமே இல்லை அது. நுழைவுக் கட்டணம் கட்டிவிட்டு உள்ளே போகலாம். கீழே கிடக்கிற கல்லையே எடுத்து அடுக்கு. அடுத்தவர் அடுக்கியதில் கால் படாமல் பார்த்துக்கொள். கல்லையோ வேறு எதையுமோ அங்கிருந்து வீட்டுக்கு எடுத்து வரக் கூடாது என்பார்கள், அதை மட்டும் கடைப்பிடி. காற்றாடி அங்கேயே வாங்கலாம்.

நீ படித்தது இதாகோ பெண்களைப் பற்றி. பார்வையில்லாத பெண்கள், சிறு வயதிலிருந்தே மந்திரம் மனப்பாடம் செய்து பயிற்சி எடுத்தவர்கள். இப்போது விரல்விட்டு எண்ணுகிற அளவுதான் மிஞ்சியிருக்கிறார்கள். கோயிலைச் சேர்ந்தவர்கள் இல்லை, ஜூலை 20 முதல் 24 வரை நடக்கும் திருவிழாவுக்கு வந்து உட்காருவார்கள். வரிசை நீளம். பேசுவது அந்தப் பக்கத்து வட்டார மொழி, தோக்கியோக்காரர்களுக்கே பாதி புரியாது. அவர்களை நம்பிப் பயணத்தை வைத்துக்கொள்ளாதே. என்னைக் கேட்டால் திருவிழாக் கூட்டம் இல்லாத நாளில் போ. ஏரிக்கரையில் நின்று அவன் பெயரை நீயே கூப்பிடு. தமிழில் கூப்பிடு.

---

ஆற்றுமணல்:

மகளே, நம் பக்கம் காரியம் செய்வதில்லை என்பது வழக்கம், உண்மைதான். ஆனால் பெயரைச் சொல்லக் கூடாது என்று எந்தச் சாத்திரமும் சொல்லவில்லை. அதற்கு நீ ஜப்பான் போகிறவரை காத்திருக்கவும் வேண்டாம். விருப்பமிருந்தால் இங்கேயே எழுது, நாங்கள் வாசிக்கிறோம்.

---

நிலாமுற்றம்:

ஐயா, நன்றி. இங்கே எழுத இன்னும் தைரியம் வரவில்லை. வீட்டில் அவரிடம் முதலில் சொல்லிப் பார்க்கிறேன். எந்த மாதம் போவது நல்லது என்று சொல்லுங்கள்.

---

தண்டவாளம்:

கோயில் மே 1 முதல் அக்டோபர் 31 வரைதான் திறந்திருக்கும், குளிர்காலத்தில் பனி மூடிவிடும். மலைக்குப் போகிற பேருந்தும் அந்தக் காலத்தில்தான் ஓடும். மே மாதம் நடுவில் போனால் வழியில் யொகொஹாமா என்ற ஊரில் கடுகுப்பூ வயல்கள் மஞ்சளாக இருக்கும் (பெரிய யொகொஹாமா நகரம் வேறு). புல்லட் ரயிலில் ஹச்சினொஹெ வரை வந்து, அங்கிருந்து நொஹெஜி வழியாக ஷிமொகிதா. வண்டிகள் குறைவு. விரிகுடாவில் காற்று பலமாக வீசினால் வண்டியை நிறுத்திவிடுவார்கள், அது அந்தப் பாதையில் அடிக்கடி நடக்கும். அதனால் ஒரு நாள் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். முதல் நாள் இரவே முட்சு நகரில் தங்கி, காலைப் பேருந்தைப் பிடித்தால் அவசரமில்லாமல் இருக்கலாம். திரும்பி வருகிற கடைசிப் பேருந்தின் நேரத்தை ஷிமொகிதா நிலையத்திலேயே பார்த்து எழுதிக்கொள்ளுங்கள், பிற்பகலிலேயே போய்விடும். தேதி முடிவானதும் இங்கே சொல்லுங்கள், வண்டி நேரங்களை நான் பார்த்துப் போடுகிறேன்.